கன்னிமூலையில் இரண்டு குச்சி

ரெஜைனா, கனடா
14-5-1998

மாமா அவர்களுக்கு,

நவநீதகிருஷ்ணன் எழுதுவது. வந்து சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. சௌகரியமாக இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுந்தரியிடம் தொலைபேசியில் உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னேன். "எங்க அப்பாகிட்ட இதைச் சொல்லு அதைச் சொல்லுன்னு இனி என்கிட்ட வராதீங்க. அவியளும் அதையே செய்யுதாவ. மாமனாரும் மருமகனும் பேசணும்னா காயிதம் போட்டுப் பேசிக்கிடுங்க. வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு நான் தபால்காரி வேலை பார்க்க முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதம். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அதனால் நானாக எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன்.

இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் விடுப்பில் போயிருக்கிறார். அவர் இடத்தில் இந்தக் கோடைக்கு மட்டும் அடித்தளப் பொறியியல் பாடம் எடுக்கிறேன். பதினெட்டு மாணவர்கள். காலை எட்டரைக்குக் கையில் காப்பிக் கோப்பையோடு வந்து, முன் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நம் ஊர்க் கல்லூரியில் கைகட்டி உட்கார்ந்து தூங்குகிறவர்களைவிட இவர்கள் நன்றாகவே கேட்கிறார்கள்.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். வந்த மறுநாள் மழை. பல்கலைக்கழகத்துக்குக் குறுக்கு வழியில் நடந்தேன். பத்தடி போவதற்குள் இரண்டு செருப்பிலும் ஆளுக்கு ஒரு கிலோ மண். குனிந்து பார்த்தால் கரிசல்! அசல் நம் ஊர்க் கரிசல். கோதுமை விளைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பத்தாயிரம் மைல் பறந்து வந்து இதே மண்ணையா மிதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பசுவந்தனை ரோட்டில் சுந்தரிக்கென்று நீங்கள் கட்டும் வீட்டுக்கு, கரிசலுக்கு அடியில் கெட்டியாக இருக்கும் சுக்கான் பாறை தட்டும்வரை, ஒன்பதடி, அஸ்திவார வானம் தோண்டுவதாகத்தான் நாம் பேசியது. நான் சென்னையில் ஆராய்ச்சிப் பட்டத்தின் கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தை மாதத்தில் நீங்கள் நாலரை அடியோடு நிறுத்திவிட்டீர்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று, பந்தியில், பரமசிவன் கொத்தனார் வாயிலிருந்துதான் அது எனக்குத் தெரிந்தது. "கஞ்சத்தனத்தில் பாதி அஸ்திவாரத்தை முழுங்கிவிட்டீர்கள். இந்த வீட்டில் என் பிள்ளையைத் தூங்கவைக்க மாட்டேன்" என்றேன். சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம் தப்பு என்கிறாள் சுந்தரி. அதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அங்கே வெயில் ஏறியிருக்கும். கரிசல் காய்ந்து சுருங்கும். பின்வெயில் விழும் தென்மேற்கில், கன்னிமூலையில்தான் முதலில் தெரியும். அந்தச் சுவரை ஒருமுறை பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
நவநீதகிருஷ்ணன்


கோவில்பட்டி
29-5-1998

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கசாமி எழுதியது. மடித்து ஒட்டிய ஏர்மெயில் தாள் நேற்று வந்தது. தபால்தலையில் ராணி படம் இருந்ததால் உங்கள் அத்தை காளீஸ்வரி அந்த மூலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். பின்பக்கத்தில் இருந்த இரண்டு வரி அதோடு போயிற்று. முக்கியமான வரியாக இருந்தால் மறுபடி எழுதவும்.

வெடிப்பு எதுவும் இல்லை.

என் தீப்பெட்டி ஆபீஸ் கட்டி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. அது நிற்பதும் கரிசல் மண்ணில்தான். இரண்டடி வானம். இன்றைக்கும் நேராக நிற்கிறது. நான் எந்த யுனிவர்சிட்டியிலும் படிக்காமலே அதற்குள் உட்கார்ந்து இத்தனை வருடம் பெட்டி செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

அன்று பந்தியில் பதினோரு பேர் இருந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தேன். கொத்தனார் நாலு, சித்தாள் ஐந்து, கம்பி கட்டுகிறவன் ஒருத்தன், உங்கள் அத்தை. என்னைக் கஞ்சன் என்று எனக்கு ஆகாதவன்கூடச் சொன்னது கிடையாது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

சுந்தரிக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. டாக்டரம்மா மாடிப்படி ஏறக்கூடாது என்கிறார்கள், மற்றபடி குறை இல்லை. போன இரண்டு தடவை போல இல்லை, முகம் தெளிவாக இருக்கிறது. இதை எழுதிவிட்டு, எழுதியிருக்கக்கூடாதோ என்று பேனாவை வைத்துவிட்டுப் போய்ச் சாமி கும்பிட்டு வந்தேன். மாங்காயைக் கண்டால் விடமாட்டேன் என்கிறாள். கேட்டால் "உங்க மாப்பிள்ளைகிட்ட காயிதத்துல புகார் சொல்லுங்க" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

தங்கசாமி

பி.கு.: கன்னிமூலையில் ஜன்னலுக்கு மேலே மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. புதுப் பூச்சில் அது எல்லா வீட்டிலும் வருவது. வெடிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.


ரெஜைனா
12-6-1998

மாமா,

ராணி கொண்டுபோன இரண்டு வரியில் அத்தையை விசாரித்திருந்தேன். அவர்கள் கையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் மறுபடி எழுத வேண்டியதில்லை.

சோறு நானே பொங்குகிறேன். புளி கிடைக்கவில்லை, எலுமிச்சம்பழத்தை வைத்து ரசம் என்று ஒன்று செய்கிறேன். அதைப் பற்றி மேலே எதுவும் கேட்காதீர்கள்.

ஆபீஸ் தகரக் கூரை மாமா. ஒரு ஆள் பனியனோடு நிற்பது மாதிரி. வீடு கான்கிரீட் கூரை, மூட்டை தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே கால் போதாது.

மயிரிழை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தினமும் பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் அளந்தால் போதும். ஸ்கேலில் அவ்வளவு சின்னதாக அளக்க வராது. கையில் கிடைக்கிற எதையாவது அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அது கூடுகிறதா, நிற்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வால்டர் என்று ஒருவர். எழுபது வயது. போன வாரம் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போனார். அங்கே நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள். கார் டயர் மாற்றும்போது ஜாக்கி வைப்போமே, அந்த மாதிரித் திருகு உள்ளவை. வருடத்துக்கு இரண்டு தடவை மட்டப்பலகையை வைத்துப் பார்த்து அந்தத் திருகை அரைச்சுற்று முன்னேயோ பின்னேயோ திருப்பிவிடுகிறார். மண் ஏறினால் வீட்டை இறக்குகிறார், மண் இறங்கினால் வீட்டை ஏற்றுகிறார். நாற்பது வருடமாக இந்த வேலை. "இல்லாவிட்டால் என் மனைவி அலமாரிக் கதவு மூடவில்லை என்று திட்டுவாள்" என்றார்.

நம் வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. மூலையில் சுவரை ஒட்டி நாலு நாலு அடியாகக் குழி எடுத்து, இப்போதுள்ள அடித்தளத்துக்குக் கீழே சுக்கான் வரைக்கும் கான்கிரீட்டைக் கொண்டுபோய்விடலாம். பரமசிவனுக்குப் புரிகிற மாதிரிப் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால், இந்த மாதமே, தோண்ட ஆரம்பித்தால் நல்லது.

சுந்தரியை மாங்காய் தின்ன விடுங்கள்.

நவநீதன்


கோவில்பட்டி
27-6-1998

மாப்பிள்ளைக்கு,

வியாழக்கிழமை வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. உங்கள் அம்மா வந்து முதல் வளையல் போட்டார்கள். "எம்மவன் அங்கன வெள்ளைக்காரனுக்குப் பாடம் சொல்லுதான், இங்கன பொண்டாட்டிக்கு வளையல் போட ஆள் இல்ல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்கள். நீங்கள் யாருடைய பிள்ளை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. சுந்தரி இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அளவு கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதம் வரும் முன்பே, ஆபீஸில் என்ன இருக்கிறதோ அதால் அளந்துகொண்டுதான் இருந்தேன். தீக்குச்சி. எங்கள் குச்சி இரண்டு மில்லிமீட்டர் சதுரம், அதில் பிசகு வராது. வந்தால் மருந்து முக்கும் சட்டத்தில் அடுக்க முடியாது. ஜூன் முதல் ஞாயிறு அரைக்குச்சி. இரண்டாவது ஞாயிறு ஒரு குச்சி தாராளமாகப் போனது. போன ஞாயிறு இரண்டு குச்சி. கோடு ஜன்னல் மேல்மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரிக் கூரைப் பக்கம் ஏறுகிறது. வெடிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவர்களுக்குக் காட்ட மருந்து முக்காத வெறுங்குச்சி பத்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். தலைமருந்தோடு அனுப்பினால் தபாலாபீஸில் என்னைப் பிடித்துக்கொண்டுபோய்விடுவார்கள்.

ஆனால் கவலைப்பட வேண்டாம். நானே ஒரு வைத்தியம் பார்த்துவிட்டேன். மண் காய்ந்ததால்தானே வெடிக்கிறது? ஆபீஸிலிருந்து நாலு டிரம் தண்ணீர் கொண்டுபோய் கன்னிமூலையில் நின்று ஊற்றினேன். நாலே நாளில் இரண்டு குச்சி ஒரு குச்சியாகிவிட்டது! உங்கள் புத்தகத்தில் இது இருக்கிறதா?

தோண்டுவதைப் பற்றி. பரமசிவனிடம் உங்கள் படத்தைக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அந்த மனையில் மண்வெட்டி படக்கூடாது. காரணம் கேட்க வேண்டாம்.

தங்கசாமி


ரெஜைனா
11-7-1998

மாமா,

தண்ணீரை உடனே நிறுத்துங்கள்! ஒரு மூலையில் மட்டும் ஊற்றினால் அந்த மூலை மட்டும் உப்பித் தூக்கும். அந்தப் பக்கம் மூடுகிற வெடிப்பு வேறு பக்கம் திறக்கும். இந்நேரம் எந்தக் கதவாவது பிடித்துக்கொண்டிருக்கும், பாருங்கள். இதைத் தந்தியாக அடிக்கலாமா என்று யோசித்தேன். சுந்தரி பயந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

குச்சிகள் வந்து சேர்ந்தன. வகுப்பில் இரண்டு பேருக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தேன். ஒருவன் பல் குத்த ஆரம்பித்தான், பிடுங்கிக்கொண்டேன். உங்கள் அளவுகளைக் கரும்பலகையில் எழுதி, இந்த வீட்டை என்ன செய்யலாம் என்பதையே இந்தப் பருவத்தின் பெரிய பயிற்சியாகக் கொடுத்துவிட்டேன். இப்போது வகுப்பில் மில்லிமீட்டர் என்று யாரும் சொல்வதில்லை. "சார், இந்தச் சுவர் மூணு குச்சி தாங்குமா?" என்று ஆங்கிலத்துக்கு நடுவில் குச்சி குச்சி என்கிறார்கள். அந்த 'ச்' மட்டும் அவர்களுக்குச் சரியாக வரவில்லை.

எல்லாக் குழுவும் தோண்டத்தான் சொன்னது. வீட்டுச் சொந்தக்காரர் தோண்ட விடமாட்டார் என்றேன். ஏன் என்றார்கள். பிடிவாதம் என்றேன்.

மெலனி என்று ஒரு பெண். கோதுமைப் பண்ணையிலிருந்து வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். அவள் கையைத் தூக்கி, "அவரிடம் ஏன் என்று கேட்டீர்களா?" என்றாள். கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் என்றேன். "இப்போது கேட்க வேண்டாம் என்கிறார். முதலில், நாலரை அடியில் நிறுத்தினாரே, அப்போது கேட்டீர்களா?" என்றாள்.

நான் கேட்கவில்லை மாமா. பந்தியில் பரமசிவன் சொன்ன அடுத்த நிமிடமே நானே ஒரு காரணத்தை முடிவு செய்து, அதைப் பதினோரு பேருக்கு முன்னால் உங்கள் இலையில் போட்டேன். நீங்கள் எழுந்து கை கழுவப் போனீர்கள். குற்றம் செய்தவர் நழுவிப் போகிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

இப்போது கேட்கிறேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஏன் நாலரை அடியில் நிறுத்தினீர்கள்?

நவநீதன்


கோவில்பட்டி
25-7-1998

மாப்பிள்ளைக்கு,

அடுப்படிக் கதவு பிடித்துக்கொண்டது. உங்கள் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்பே. தோளைக் கொடுத்து முட்டித்தான் திறக்க முடிகிறது. தண்ணீரை அன்றே நிறுத்திவிட்டேன். கன்னிமூலை திரும்பக் காய்ந்து இப்போது இரண்டரைக் குச்சி. புத்தகம் ஜெயித்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். சுந்தரியிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா, இனிமே எதுக்கு மறைக்கணும்" என்றாள். எழுதுகிறேன்.

தை பத்தாம் தேதி காலை பத்து மணி இருக்கும். வெளிச்சுவருக்கெல்லாம் நாலரை அடி இறங்கியிருந்தது. கன்னிமூலையில் பரமசிவன் உள்ளே நிற்கிறான், நான் மேலே நிற்கிறேன். ஆபீஸ் சாமித்துரை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். "அண்ணாச்சி, மண்ணு தோண்டுத வேலைய இப்பமே நிப்பாட்டணுமாம், அக்கா சொல்லிவிட்டாவ. காரணத்த வீட்டுக்கு வந்து கேட்டுக்கிடணுமாம்" என்றான்.

நான் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கேயே விளங்கிவிட்டது. அன்று காலையில்தான் சுந்தரி அவள் அம்மாவிடம் நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது மண்ணைத் தோண்டக்கூடாது என்பார்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை. நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முதல் தடவை கலைந்தபோது ஆபீஸுக்குப் பின்னால் நான் கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை எங்கேயும் எதுவும் தோண்டவில்லை, அப்படியும் கலைந்தது. ஆக, கணக்கு ஒத்துவரவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது தடவை சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை மாப்பிள்ளை.

"ஏலே பரமசிவம், போதும், ஏறி வா" என்றேன்.

"என்ன அண்ணாச்சி, பாதிதான் ஆயிருக்கு. சுக்கான் தட்டவே இல்ல. மாப்பிள்ளை ஒம்பதுன்னுல்லா சொன்னாவ" என்றான்.

"நாலரை போதும்ல. ஏறுதியா இல்லியா" என்று சத்தம் போட்டேன். ஏறிவிட்டான்.

பிள்ளை பிறக்கும்வரை அப்படியே போட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். தோண்டின வானத்தை வாய் திறந்து போட்டுவைப்பதும் ஆகாது என்றாள் உங்கள் அத்தை. மண்ணைப் போட்டு மூடுவது வேறு காரியத்துக்கு என்றாள். சரளையும் கல்லும் போட்டுக் கட்டி மேலே கொண்டுவருவது ஒன்றுதான் மிச்சம். கட்டினேன். கழிவுத்தொட்டிக்குக்கூட இன்னும் குழி எடுக்கவில்லை. பரமசிவன் கேட்கும்போதெல்லாம் ஆள் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்கிறேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சுந்தரி சொல்லக்கூடாது என்றாள். முதல் தடவை நீங்கள் தொட்டில் கம்பி வாங்கிவந்து வைத்தீர்கள். அது பரணில் கிடக்கிறது. "மூணு மாசம் தாண்டட்டும்பா. அவிய பரீட்சைய முடிக்கட்டும். இன்னொரு தடவ அவிய மூஞ்சிய அப்படிப் பாக்க என்னால ஏலாது" என்றாள். மாசிக் கடைசியில் உங்களுக்குச் சொன்னபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் வானத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தால், அந்தப் பயத்தையும் சேர்த்துத் திறக்க வேண்டும். பிள்ளை கையில் வருகிற வரைக்கும் அதைப் பேசவே எனக்கு நாக்கு எழவில்லை. பந்தியில் கஞ்சன் என்றீர்கள். கஞ்சனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று கை கழுவப் போனேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. தோண்டவும் முடியாது, விடவும் முடியாது. எனக்கு இப்போது அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. உங்கள் படிப்பில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

தங்கசாமி


ரெஜைனா
6-8-1998

மாமா,

உங்கள் கடிதத்தை நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயே அழுதேன். யாரோ ஒரு பையன் வந்து உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான் உங்களைப் பேசியது மகா தப்பு. இடம் மட்டும் தப்பு என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அந்த வரியை ராணியோடு சேர்த்து அத்தை கத்தரித்து எறிந்திருக்கலாம். மன்னித்துவிடுங்கள் மாமா.

நான் அந்தச் சாத்திரத்தை நம்புகிறவன் இல்லை. ஆனால் நானே அந்த வானத்துக்கு மேலே நின்றிருந்து, சாமித்துரை வந்து சொல்லியிருந்தால், பரமசிவனை இன்னொரு வெட்டு வெட்டச் சொல்லியிருப்பேனா? மூன்று நாளாக என்னையே கேட்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

வகுப்பில் போய், சொந்தக்காரர் பிடிவாதக்காரர் என்று நான் சொன்னது பொய் என்றேன். காரணத்தையும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மெலனி, "அப்படியானால் தோண்டாமல் செய்வோம்" என்றாள், ஏதோ கடைக்கு வேறு வழியாகப் போவோம் என்பதுபோல. பாட நேரம் முடிந்தும் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து போட்டார்கள். நான் சரிபார்த்தேன். இதுதான் வழி:

மண்ணுக்குக் கீழே எதுவும் செய்ய வேண்டாம். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும், சுவரிலிருந்து எட்டடி அகலத்துக்கு, தரைக்கு மேலேயே சரளையைப் பரப்பி, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரித்து, அதற்கு மேல் சிமெண்ட் தளம் போட வேண்டும். தளம் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் குழாய் வழியாகத் தளத்தைத் தாண்டிப் போய் விழ வேண்டும். வெயில் உள்ளே போகாது, மழை உள்ளே போகாது. அடியில் இருக்கும் கரிசலுக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. தூங்கிக்கொண்டிருக்கும். தளம் போடும் முன்பு நாலு பக்கமும் ஒரே அளவாக, மெதுவாக, நான்கைந்து நாள் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். ஒரு மூலையில் மட்டும் டிரம்மோடு நிற்காதீர்கள்.

மண்வெட்டி வேண்டாம். சரளையை இழுக்க ஒரு பலகை போதும்.

இது போதுமா என்று கேட்டால், ஒன்பதடிக்கு ஈடு ஆகாது. இருக்கிற வெடிப்பு முழுக்க மூடாது. மேலே வளராமல் நிற்கும் என்று நம்புகிறேன். ஒரு மழைக்காலம் போனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

செப்டம்பர் வகுப்பையும் எடுக்கிறாயா என்று இங்கே கேட்டார்கள். முடியாது, ஊரில் பிள்ளை பிறக்கப்போகிறது என்றேன். செப்டம்பர் ஐந்தாம் தேதி கிளம்புகிறேன். புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று அதே பதினோரு பேரையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு முன்னால் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நவநீதன்


கோவில்பட்டி
23-8-1998

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் விமானம் ஏறுவதற்குள் இது கைக்கு வருமோ வராதோ. வராவிட்டால் நேரில் படித்துக் காட்டுகிறேன்.

வேலை மூன்று பக்கம் முடிந்தது. பிளாஸ்டிக் தாளுக்குக் கடையில் போய் அலைய வேண்டியிருக்கவில்லை. திடீர் மழைக்குக் காயப்போட்ட குச்சிச் சட்டங்களை மூட ஆபீஸில் கெட்டித் தாள் சுருள் சுருளாக வைத்திருக்கிறேனே, அதையே விரித்துவிட்டேன். அதைச் சுருக்கம் இல்லாமல் விரிக்கத் தெரிந்தது எங்கள் ஆபீஸ் பெண்களுக்குத்தான். இசக்கிச்செல்வி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அரை நாளில் விரித்துக் கொடுத்தாள். "மொதலாளி, வீட்டுக்கே தீப்பெட்டி மாதிரி உறை போடுதீங்களே" என்று கேலி வேறு. பரமசிவன் மட்டும் "தோண்டாம இதென்ன வேலை" என்று முனகிக்கொண்டே செய்கிறான். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததும் முதலில் அவனிடம்தான் சொல்லப்போகிறேன்.

வெடிப்பு இரண்டரைக் குச்சியில் நிற்கிறது. மூன்று ஞாயிறாக அதே இரண்டரை.

சுந்தரிக்கு நடக்கத்தான் சிரமமாக இருக்கிறது. பரணிலிருந்து தொட்டில் கம்பியை எடுத்துத் துடைக்கச் சொன்னாள். நானே எடுத்தேன். துரு ஒன்றும் ஏறவில்லை.

பதினோரு பேரைக் கூப்பிட்டு எதுவும் சொல்ல வேண்டாம். நீங்கள் எழுதியது போதும். சொல்லத்தான் செய்வேன் என்றால், சோற்றுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். நான் கட்டிய வீடுதான், ஆனால் மழை வந்தால் என்னால் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்க முடியாது. அந்தத் தைரியம் என்னிடம் இல்லை. அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வருவேன். போன தடவை வராததற்கும் சேர்த்து ரயில் வருவதற்கு ஒரு மணிநேரம் முன்னாலேயே வந்து நிற்பேன். அந்த ஊர்த் தீப்பெட்டி ஒன்று கொண்டுவாருங்கள். எப்படி ஒட்டுகிறான் என்று பார்க்க வேண்டும்.

தங்கசாமி


பசுவந்தனை ரோடு, கோவில்பட்டி
4-12-1998

மாமாவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். சாமித்துரை கையில் கொடுத்துவிடுகிறேன். பால் காய்ச்சி எட்டு நாள் ஆகிறது. அன்று அதே பதினோரு பேருக்கு முன்னால் நான் பேச ஆரம்பித்ததும் நீங்கள் சாம்பாரில் உப்புப் பார்க்கப் போய்விட்டீர்கள். அவர்கள் கேட்டார்கள், பரமசிவன் கண்ணைத் துடைத்தான், அது போதும். ஆனால் மறுநாள் மழை பிடித்ததிலிருந்து நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. சாப்பாடு வருகிறது, பேத்திக்கு வசம்பு வருகிறது, நீங்கள் மட்டும் வருவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை கேட்காமலே தெரியும்.

மழை ஆறு நாள் அடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரிசல் குழம்பாகிக் கிடக்கிறது, மாட்டுவண்டி ஒன்று அச்சு வரைக்கும் புதைந்து நிற்கிறது. நம் தளத்தில் விழுந்த தண்ணீர் வழிந்து ஓடிவிட்டது. இன்று வெயில் வந்ததும் முதல் வேலையாக எல்லாச் சுவரையும் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். கூரையிலும் உத்தரத்திலும் ஒரு கோடு கிடையாது. பிறகு நீங்கள் கொடுத்த குச்சியோடு கன்னிமூலைக்குப் போனேன். இரண்டு குச்சி போகிறது. மூன்றாவது போகவில்லை. ஆகஸ்டில் நீங்கள் அளந்ததைவிட அரைக்குச்சி குறைவு. வெயில் காலத்தில் மறுபடி அரைக்குச்சி கூடும். கூடட்டும். வருடம் இரண்டு தடவை நானும் வால்டர் மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன். இனித் தோண்ட வேண்டுமானாலும் தோண்டலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

உங்கள் பேத்தி இதை எழுதும்போது பின்னறையில் தூங்குகிறாள். தொட்டில் கம்பியைக் கூரைக் கொக்கியில் நானே மாட்டினேன். இந்த வீட்டில் என் பிள்ளையைத் தூங்கவைக்க மாட்டேன் என்று சொன்ன ஆள்தான் அரைமணி நேரமாகத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சுந்தரி பார்த்துச் சிரித்தாள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வாருங்கள். வாசல் பூட்டியிருந்தால் அடுப்படி வழியாக வாருங்கள். அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. முன்போலத் தோளைக் கொடுத்து முட்டாதீர்கள். கைப்பிடியை லேசாக மேலே தூக்கித் தள்ளினால் திறந்துகொள்ளும். மெதுவாகத் தள்ளுங்கள். பிள்ளை தூங்குகிறாள்.

நவநீதன்